ரோபோ ஏன் நின்றது என்று ரோபோவே சொல்லட்டும்

பக்கவாதத்துக்குப் பிறகு கைப்பயிற்சி தரும் ரோபோ பாதியில் நின்றால், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை பார்த்தவர் முதலில் கேட்பது, "நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டனா?" என்பதைத்தான். பதிலை அந்த நொடியிலேயே ரோபோ தர வேண்டும்.

ஒவ்வொரு அசைவுக்கும் விளக்கம் வேண்டாம், எரிச்சல்தான் மிஞ்சும். உதவியைக் கூட்டுவது, குறைப்பது, வேகத்தை மாற்றுவது, நிறுத்துவது, இந்த நான்குக்கும் போதும். முடிவு எடுக்கும் கணத்திலேயே எந்த சென்சார், என்ன அளவு, எந்த வரம்பு, மூட்டு எத்தனை டிகிரியில் இருந்தது என்று ஒரு வரி பதிவாகட்டும். பேசும் வாக்கியம் அந்த வரியிலிருந்து மட்டுமே வர வேண்டும். பிறகு சாட்பாட்டிடம் காரணம் எழுதச் சொன்னால் நம்பும்படி எழுதும். நடந்தது அதுவாக இருக்காது.

என்ன செய்தேன், ஏன், இனி நீங்கள் என்ன செய்யலாம்: மூன்றும் பத்துப் பன்னிரண்டு சொற்களில் அடங்கட்டும். "டார்க் (முறுக்கு விசை) வரம்பு மீறப்பட்டது" உதவாது. "கை இறுகிடுச்சுங்க, அதான் நிறுத்திட்டேன். தோளைத் தளர்த்துங்க, மெதுவா ஆரம்பிக்கலாம்." ஆனால் நிறுத்துவதுதான் முதலில், பேச்சு அதற்குப் பிறகு.

பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான்: அளந்ததைச் சொல்வதற்குப் பதில் ஊகத்தைச் சொல்வது. "நீங்க முயற்சி பண்ணல" என்று ரோபோ சொல்லவே கூடாது. விசை ஏன் குறைந்தது, வலியாலா, களைப்பாலா என்பது விசை சென்சாருக்குத் தெரியாது. "விசை குறைஞ்சிருக்குங்க. வலிக்குதா, களைப்பா?" என்று கேட்டு, இரண்டு பெரிய பொத்தான்களைக் காட்டட்டும்.

நோயாளி எப்போதும் நேற்றோடுதான் ஒப்பிடுவார். ஏற்காட்டுக் குளிரில் காலையில் கை இறுகும், ரோபோ கூடுதலாகத் தாங்கும். அவரோ நிலைமை மோசமாகிவிட்டது என்று பயப்படுவார். "நேத்தைவிட இறுக்கமா இருக்கு, அதனால கொஞ்சம் அதிகமா தாங்கறேன்" என்றால் போதும். குளிரைக் காரணம் காட்டுவது பிசியோதெரபிஸ்டின் வேலை.

வலது கை விழுந்தவர்களில் பலருக்கு இடது மூளை பாதிப்பால் பேச்சைப் புரிந்துகொள்வதும் சிரமம். அவர்களுக்குக் குரலோடு படமும் வேண்டும். மலையில் சிக்னலை நம்பாமல், உள்ளூர்க் குரலில் வாக்கியங்களைப் பதிந்து ரோபோவிலேயே வையுங்கள்.

விளக்கம் முடிந்ததும், "இப்ப ஏன் நின்னுச்சு?" என்று நோயாளியிடமோ வீட்டாரிடமோ கேளுங்கள். வெறுமனே தலையாட்டினால் வாக்கியத்தை மாற்றுங்கள். வரம்பை மாற்றும் நாளிலும் வாக்கியங்களை ஒருமுறை சரிபாருங்கள். இல்லாவிட்டால் ரோபோ பழைய காரணத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.