கார்டுக்கு முன்னால் அறையைப் பாருங்கள்: கேமிங் கிராஃபிக்ஸ் கார்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரின் கணினிக் கடை வளாகமான லோ யாட் பிளாசாவில் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்க வரும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போஸ், இதுல எது பெஸ்ட்?" கடைக்காரரும் கையிருப்பில் இருப்பதில் விலை கூடியதை எடுத்து முன்னால் வைப்பார். முதல் தவறு அந்தக் கேள்விதான். கார்டு உட்காரப் போகும் அறை எவ்வளவு சூடு, கேஸுக்குள் (கணினிப் பெட்டிக்குள்) காற்று எப்படிப் போகிறது, திரை என்ன ரெசல்யூஷன் (எத்தனை பிக்சல்) என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் கார்டின் பெயருக்கே வர வேண்டும். கோலாலம்பூர் வெயிலில் இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஆயிரக்கணக்கான வெள்ளியைக் கொட்டிவிட்டு, விசிறிச் சத்தத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

யூடியூப் விமர்சனங்களில் "முழு லோடில் 65 டிகிரி", அதாவது கார்டு முழு மூச்சில் உழைக்கும்போது 65 டிகிரி என்று காட்டுவார்கள். அந்தச் சோதனை நடக்கும் அறை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். செந்தூலிலோ பூச்சோங்கிலோ மாடி அறையில், மதியம் மூன்று மணிக்கு, ஏர்கோன் இல்லாமல் 31, 32 டிகிரி சர்வ சாதாரணம். அறைச் சூடு 10 டிகிரி ஏறினால், விசிறி அதே வேகத்தில் ஓடும்வரை, கார்டின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி ஏறும். அங்கே 65 என்றால் இங்கே 75. இல்லையென்றால் விசிறி வேகமெடுத்துச் சூட்டைக் கொஞ்சம் பிடித்து வைக்கும், ஆனால் சத்தம் கூடும். இதைப் பார்த்து கார்டு கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். என் கணக்கில், விளையாடும்போது கோர் (கார்டின் முக்கிய சிப்) 80க்குள்ளும் மெமரி (அதன் நினைவக சிப்கள்) 95க்குள்ளும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

அடுத்தது வாட் கணக்கு. என்விடியா ஆர்டிஎக்ஸ் 5090 அதிகபட்சம் 575 வாட் இழுக்கும். 5080க்கு 360, 5070 டிஐக்கு 300, ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டிக்கு 304. இந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது. 5090 போட்ட கணினி பிராசஸரோடு சேர்ந்து சுமார் 700 வாட் இழுக்கிறது என்று வையுங்கள். வேலை செய்துகொண்டிருக்கும் ரைஸ் குக்கரை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதும் அதுவும் ஒன்றுதான். நம் வீட்டு அறைகளில் மாட்டும் 1 எச்பி ஏர்கோன் மணிக்குச் சுமார் 9,000 பிடியூ, அதாவது 2,600 வாட் சூட்டை வெளியேற்றும். அதில் கால்வாசிக்கு மேல் உங்கள் கணினிக்கே போய்விடும். திரவத்தால் குளிர்விக்கும் லிக்விட் கூலிங் போட்டால் அறை குளிர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களும் உண்டு. அது சிப்பில் இருந்து சூட்டை வேகமாக எடுக்கும், உண்மைதான். ஆனால் எடுத்த சூட்டை அதே அறைக்குள்தான் விடுகிறது.

அதனால்தான் திரையைப் பார்த்துக் கார்டு வாங்கச் சொல்கிறேன். 4கே திரையில் 1080பி திரையைப் போல நான்கு மடங்கு பிக்சல்கள். 1080பி திரையை வைத்துக்கொண்டு 5090 வாங்கினால் பல விளையாட்டுகளில் பிராசஸர்தான் திணறும், கார்டு அதற்காகக் காத்திருக்கும். 1440பிக்கு 5070 டிஐ, 9070 எக்ஸ்டி வகையே தாராளம். மிச்சமாகும் காசில் நல்ல கேஸும் விசிறிகளும் வாங்கலாம். நம் ஊருக்கு அதுவே நல்ல முதலீடு.

கார்டு முடிவானதும் இன்னொரு குழப்பம் வரும். ஒரே சிப்பைப் பல நிறுவனங்கள் பல விலையில் விற்கின்றன. "ஓசி" (கொஞ்சம் வேகம் கூட்டி வைத்தது) என்று போட்டதற்குச் சில நூறு வெள்ளி கூடக் கேட்பார்கள். அந்த வேக வித்தியாசம் விளையாடும்போது தெரியாது. காசு கூடக் கொடுப்பதானால் பெரிய ஹீட்சிங்க்குக்கு, அதாவது சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடுகளுக்குக் கொடுங்கள். பெரிய ஹீட்சிங்க் இருந்தால் விசிறி மெதுவாகச் சுற்றினாலே போதும். ஆனால் பெரிய கார்டுகள் பல 33 சென்டிமீட்டரைத் தாண்டும், 2 கிலோவையும் தாண்டும். கடைக்குப் போகும் முன் கேஸின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள். கார்டின் முனைக்கு ஒரு தாங்கியும் வாங்கிவிடுங்கள்.

சரி, கேஸுக்கு வருவோம். அதிகத் தவறு நடப்பது இங்கேதான். கிள்ளானில் உறவுக்காரப் பையன் ஒருவன் கார்டு 86 டிகிரி காட்டுகிறது, தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே தடவும் பசை) மாற்றலாமா என்று கேட்டான். கேஸ் மேசையின் மர அலமாரிக்குள், மூன்று பக்கமும் அடைபட்டு இருந்தது. முன்பக்கம் முழுக் கண்ணாடி. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை வெளியே இழுத்துப் பக்கக் கதவைக் கழற்றினோம். பத்து நிமிடத்தில் 74க்கு இறங்கியது. கார்டில் ஒரு குறையும் இல்லை. அது தான் வெளியே தள்ளிய சூடான காற்றையே திரும்பத் திரும்பச் சுவாசித்துக்கொண்டிருந்தது. இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். கதவைக் கழற்றியதும் ஐந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை கேஸில்தான். கார்டைப் பிரித்துப் பேஸ்ட் மாற்றும் எண்ணத்தை விட்டுவிடுங்கள், வாரண்டியும் தப்பும். முன்பக்கம் வலை போட்ட கேஸ், முன்னாலும் அடியிலும் காற்றை உள்ளே இழுக்கும் விசிறிகள், பின்னாலும் மேலேயும் வெளியே தள்ளும் விசிறிகள், பின்சுவருக்கு ஒரு சாண் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டை அழகுக்காகச் செங்குத்தாக நிறுத்திக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தால் விசிறிகளுக்குக் காற்றே கிடைக்காது.

தூசியையும் சொல்ல வேண்டும். சாமி மேடை இருக்கும் கூடத்திலேயே கணினியையும் வைப்பவர்கள் நம்மில் நிறைய. சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியோடு சேர்ந்தால் ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பிசின்போல் ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் வராது. ஃபில்டர்களை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்துப் போடுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழல விட்டால் பேரிங் கெடும்.

இப்போது மின் இணைப்பு. 2022 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த சில வாரங்களிலேயே அதன் 16 பின் கனெக்டர் உருகிய படங்கள் பரவின. கனெக்டர் முழுதாக உள்ளே போகாததே பொதுவாகக் காணப்பட்ட குறை என்று என்விடியா சொன்னது. 2023இல் வந்த 12வி-2எக்ஸ்6 என்ற திருத்திய கனெக்டர் வடிவத்தில் சின்ன சென்ஸ் பின்களைக் குட்டையாக்கினார்கள், சரியாகச் செருகாவிட்டால் கார்டு மின்சாரம் கேட்கவே கூடாது என்பதற்காக. ஆனாலும் கவனம் தேவை. 12 வோல்ட்டில் 575 வாட் என்றால் கிட்டத்தட்ட 48 ஆம்பியர். அது அந்த 16 பின்களில் 12 வோல்ட் கொண்டுவரும் ஆறு மெல்லிய பின்கள் வழியாகப் போகிறது. ஒன்றிரண்டு பின் சரியாகத் தொடாவிட்டால் மற்றவற்றில் பாரம் கூடிச் சூடேறும். அதனால் இரண்டு கட்டை விரலாலும் அழுத்திச் செருகுங்கள். டார்ச் அடித்து, கனெக்டருக்கும் கார்டுக்கும் நடுவே கோடுபோல்கூட இடைவெளி தெரியவில்லையா என்று பாருங்கள். செருகிய இடத்திலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் வரை ஒயரை நேராக விட்டு அப்புறம் வளையுங்கள். பக்கக் கதவு ஒயரை அழுத்தினால் அந்தக் கேஸ் அந்தக் கார்டுக்குப் பொருந்தாது என்றே அர்த்தம். பழைய பவர் சப்ளையின் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியின்) ஒயரைப் புதியதில் மாட்டவே மாட்டாதீர்கள்; செருகும் வடிவம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வரிசை மாறியிருக்கலாம், கார்டு எரிந்துபோகும். 5090க்கு என்விடியா சொல்வது 1000 வாட் பவர் சப்ளை, 5080க்கு 850. இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் வாங்கினால் மலேசியத் தர அமைப்பான சிரிமின் முத்திரை இருக்கிறதா பாருங்கள், அதே எக்ஸ்டென்ஷனில் கெட்டிலைச் செருகாதீர்கள். சாயங்கால இடிமழை தொடங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

செலவே இல்லாமல் சூட்டைக் குறைக்கும் வழி ஒன்று இருக்கிறது, பலரும் தொடுவதே இல்லை. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கக்கூடிய மின்சார வரம்பை) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். 5080இல் அது 288 வாட், அதாவது 72 வாட் மிச்சம். பிரேம்கள் (நொடிக்குக் கார்டு வரையும் படங்கள்) பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான் குறையும். 144 ஹெர்ட்ஸ் திரை என்றால் பிரேம் ரேட்டையும் அதற்குக் கொஞ்சம் கீழே கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் வெறும் மெனு திரைக்கே கார்டு நானூறு ஐந்நூறு பிரேம் வரைந்து சூடேறிக்கொண்டிருக்கும்.

ஏர்கோன் போட்டிருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. இரவெல்லாம் 18 டிகிரியில் அறையைக் குளிரவைத்து, கணினியை அணைத்துவிட்டுத் தூங்கி, காலையில் ஜன்னலைத் திறந்தால், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின்மேல் பனித்துளியாகப் படியும். கண்ணாடிக் கதவு மங்கலாவதைப் பார்த்தாலே தெரியும். அந்த நேரத்தில் கணினியைப் போடாதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். 24, 25 டிகிரியில் வைத்தால் இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது.

பழைய கார்டு வாங்கினால் ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். அரை மணி நேரம் முழு லோடில் விட்டு, மெமரி சூட்டையும் விசிறிச் சத்தத்தையும் கவனியுங்கள். புதியது என்றால் உள்ளூர் விநியோகஸ்தரின் வாரண்டியா, கடைக்காரர் தானே தருகிற வாரண்டியா என்று கேட்டு, ரசீதில் சீரியல் எண்ணோடு எழுதி வாங்குங்கள். பெட்டியையும் உள்ளே இருக்கும் ஃபோமையும் வைத்திருங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அவை வேண்டும். வீடு மாறும்போதும், பினாங்குக்குக் காரில் கொண்டுபோகும்போதும் கார்டைக் கழற்றி அதே பெட்டியில் தனியாக வையுங்கள்.