கன்வெர்ட்டர் மாற்றினால் மைலேஜ் கூடுமா? முதலில் அளந்து பாருங்கள்

லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த என் பழைய பெட்ரோல் கார் 12க்கு இறங்கியது. மேம்பாலம் ஏறினால் திணறல். புகைக்குழாயில் உட்கார்ந்து புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றியதும் இரண்டும் சரியாகின. அதை நம்பி நீங்களும் மாற்றிவிடாதீர்கள். அடைத்துப்போன கன்வெர்ட்டர் தின்ற மைலேஜைத்தான் புதியது திருப்பித் தரும். நன்றாக இருப்பதை மாற்றினால் பர்ஸ்தான் இளைக்கும்.

1. காரில் செருகிப் பார்க்கும் ஸ்கேனரில் எரர் கோடு, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீட்டு எண், இருக்கிறதா பாருங்கள். விலை குறைந்த ப்ளூடூத் ஸ்கேனரே போதும். பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அடைப்பு என்று அர்த்தமில்லை. புகைக்குழாயில் கசிவு, பின் சென்சாரில் (கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார்) கோளாறு இருந்தாலும் இதே கோடு வரும்.

2. கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் பேக் பிரஷர் கேஜை (புகை தேங்கும் அழுத்தத்தை அளக்கும் மீட்டர்) மாட்டுங்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஆறிக்கிடந்த இன்ஜினில் சாதாரண ஸ்பானரைப் போட்டு இழுத்தேன். சென்சாரின் மூலைகள் மழுங்கியதுதான் மிச்சம். வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டுள்ள 22 எம்எம் சென்சார் சாக்கெட்டே வாங்குங்கள். முந்தின இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவிடுங்கள். காலையில் இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கையுறை போட்டு, லேசான சூட்டோடு திருப்புங்கள். கிரீச்சென்று இறுகினால் கால் சுற்று பின்னால் போய், மறுபடி ஸ்ப்ரே. த்ரெட் போனால் அது தனிக் கதை.

3. இன்ஜினை ஓடவிட்டு கேஜைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) அழுத்தம் சுமார் 1.5 பிஎஸ்ஐக்குள், 2500 ஆர்பிஎம்மில் 3க்குள் இருந்தால் அடைப்பில்லை. என் வண்டியில் 2500இல் முள் 7ஐத் தொட்டது.

4. மாற்றும் முன் காரணத்தைப் பிடியுங்கள். எனக்கு ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு இக்னிஷன் காயில் போய், வண்டி மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, தேன்கூடு போன்ற செராமிக் உருகி, வெல்லப்பாகு இறுகியதுபோல் ஒட்டிக் கிடந்தது. காயிலை மாற்றாமல் விட்டிருந்தால் புதியதும் போயிருக்கும்.

பிற்சேர்க்கை: "உள்ளே இருப்பதை உடைத்துவிட்டு வெறும் கூட்டை மாட்டலாமா?" என்று இருவர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். செக் இன்ஜின் லைட் எரியும், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், நச்சுப் புகை அப்படியே தெருவுக்கு வரும்.

இன்னொருவர் கன்வெர்ட்டரை மாற்றியும் அழுத்தம் குறையவில்லையாம். முன் துளையில் அளக்கும்போது சைலன்சர் அடைப்பும் சேர்ந்தே காட்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். பின் சென்சார் துளையிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கேயும் எகிறினால் அடைப்பு அதற்குப் பின்னால், சைலன்சர் பக்கம்.