கொலோசியத்தை வரைகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானிய இடிபாடுகளை வரைய வரும் புதியவர்கள், நான் அந்த நாளில் சறுக்கிய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். தாள் சுருங்குவது, மை கசிவது போன்றவை கை பழகினால் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

விரிசலிலிருந்து தொடங்குவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். இடிபாடு என்றதும் கை நேராக விரிசலுக்கும் உடைந்த விளிம்புக்கும் போய்விடுகிறது. வகுப்பில் ஒருவர் விலை உயர்ந்த பருத்தித் தாளில், பென்சில் கோடே இல்லாமல், பேனாவால் உடைந்த விளிம்பிலிருந்து ஆரம்பித்தார். கல் கல்லாகப் பார்த்தால் அழகுதான். மாலையில் மேல்தளத்துக்கு வந்தபோது அங்கிருந்த வளைவுகள் கீழ்த்தள வளைவுகளுக்கு நேராக நிற்கவில்லை. மையை எப்படி அழிப்பது? தாளும் போயிற்று, நாளும் போயிற்று.

ரோமின் பழைய வட்டரங்கமான கொலோசியத்தின் தரைத்தளத்தில் 80 வளைவுகள் இருந்தன. அடுத்த இரண்டு தளங்களின் வளைவுகள் அவற்றுக்கு நேர் மேலே ஏறுகின்றன. உச்சியில் சிறு ஜன்னல்களோடு மூடிய சுவர். மொத்தம் சுமார் 48 மீட்டர் உயரம். இந்த முழுக் கட்டடத்தையும் மெல்லிய பென்சில் கோட்டில் எழுப்புங்கள். கண்மட்டத்திலிருந்து மேலே போகப் போக ஒவ்வொரு தளத்தின் கோடும் கூடுதலாக வளையும். அதெல்லாம் சரியாக நின்ற பிறகு இடியுங்கள்.

இன்னொன்று. எஞ்சி நிற்கும் வெளிச்சுவரின் இரு முனைகளிலும் சரிவாக இறங்கும் விளிம்பை இடிந்த கல் என்று நினைத்து, பலர் தாறுமாறாகக் கிறுக்குகிறார்கள். அது 19ஆம் நூற்றாண்டில், மிச்சச் சுவர் சரியாமல் இருக்கக் கட்டிய செங்கல் முட்டு. வரிசை வரிசையாகச் செங்கல் தெரிய வேண்டும்.

துளைகளை இறைப்பது

சுவரெங்கும் தெரியும் துளைகள் மழை அரித்தவை அல்ல. கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டார்கள். ஆகவே துளைகள் பெரும்பாலும் கல் இணையும் இடத்தை ஒட்டியே இருக்கும்.

நிழல்

ஒரு படத்துக்கு ஒரு சூரியன் போதும்.

செடிகொடி

வேண்டாம். 1855இல் அங்கே 420 வகைத் தாவரங்களைப் பட்டியலிட்டார்கள், 1870களில் களைந்துவிட்டார்கள்.

பிரனேசியிடம் அளவெடுப்பது

ரோமின் இடிபாடுகளைச் செதுக்கோவியங்களாக்கிய 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் பிரனேசியைப் பார்த்து வரைந்து பழகலாம். அளவுக்கு மட்டும் அவரை நம்பாதீர்கள். கட்டடம் பிரம்மாண்டமாகத் தெரிவதற்காக மனிதர்களைச் சிறுக்க வைத்தவர். தவிர, அவர் காலத்தில் ரோமானிய மன்றம் (ஃபோரம் எனும் பழைய நகரச் சதுக்கம்) மாடு மேயும் திடல். அங்கே செவெரஸ் பேரரசரின் வெற்றி வளைவின் அடிப்பகுதி மண்ணுக்குள் கிடந்தது. அவருடைய தரைமட்டத்தில் இன்றைய புகைப்படத்தின் வளைவை அப்படியே தூக்கி வைத்தால், வாசல் அளவுக்கு மீறி வளர்ந்து நிற்கும்.