முதல் மதகு எதற்கு? அன்றாட வேலைகளை வரிசைப்படுத்தும் முறை, புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போனால் ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருகிறோம், இதில் சொந்தக் காரியம் பார்க்க நேரம் ஏதுங்க என்று திருப்பூர்ப் பக்கம் பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீட்டில் இருந்தவரும் அதையேதான் சொல்கிறார். நேரம் கிடைக்கிற அன்றும் அடுத்தவருடைய அவசரமே பட்டியலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதை எப்படி இறக்கி வைப்பது என்பதுதான் இந்தச் செய்முறை.

விளக்குவதற்கு ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவிநாசியில் வீடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை (ஆர்டரை முதலிலிருந்து கடைசிவரை கவனித்து அனுப்புவது), அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு எழுத ஆசை. அவருக்குத் தேவையானது ஒரு பேனாவும், கிழித்துப் போடும் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கமும். ஆப் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஆப்பை அழகாக அடுக்கி வைப்பதே ஒரு வேலையாகிவிடும்.

படி 1: இலக்கை இந்த மாத வேலையாக வெட்டுங்கள்

"குரூப் 4 பாஸ் பண்ணோணும்" என்பதை வைத்துக்கொண்டு நாளைக் காலை எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாது. தேர்வைப் பிரித்துப் பாருங்கள். 200 கேள்விகள், 300 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் தமிழ் 100 கேள்விகள், பொது அறிவு 75, கணக்கும் திறனறிவும் சேர்ந்து 25. நம்மவருக்குத் தமிழ் தைரியமாக வரும், கணக்குதான் உதைக்கிறது. அப்படியானால் இந்த மாத வேலை: சதவீதம், விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி. அவ்வளவே.

படிப்பு இல்லாத இலக்குக்கும் இதே வெட்டுத்தான். "தோப்புக்குச் சொட்டுநீர் போடோணும்" என்பவருக்கு இந்த வார வேலை சிட்டா, அடங்கல் என்ற நிலக் காகிதங்கள், சிறு குறு விவசாயி சான்று மூன்றையும் கையில் வாங்குவது. சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு, ஆனால் காகிதம் சேராமல் எதுவும் நகராது.

ஒரு சமயத்தில் ஒரு இலக்கு. இரண்டு வைத்தால் ஒன்றைத் தவிர்க்க மற்றொன்று சாக்காகிவிடும்.

படி 2: தலையில் இருப்பதையெல்லாம் தாளில் கொட்டுங்கள்

முதல் நாள் இரவே எழுதுங்கள், காலையில் வேண்டாம். காலையில் உட்கார்ந்தால் போன் எழுதச் சொல்வதைத்தான் எழுதுவோம். பெரியது சிறியது பார்க்காமல், வரிசையும் பார்க்காமல் இறக்குங்கள். நம்மவரின் தாள் இப்படி வருகிறது: பையருக்கு (ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரருக்கு) சாம்பிள் கூரியர் போடுவது, டையிங்கில் லேப் டிப் (சாயம் பார்க்கும் மாதிரித் துணி) வாங்குவது, பிரிண்டிங்காரருக்குப் போன், அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை, கேஸ் புக்கிங், ஸ்கூட்டி சர்வீஸ், சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு ரவிக்கை தைக்கக் கொடுப்பது, எல்.ஐ.சி. தவணை, உறவுக்கார வாட்ஸ்அப் குரூப்பில் பதில், சதவீதக் கணக்கு 20.

கடைசியில் நிற்பது எது என்று பாருங்கள்.

படி 3: ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து

அவசரம், முக்கியம் என்று வேலைகளை நான்கு கட்டத்தில் போடும் முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்க அதிபராக இருந்த ஐசனோவரின் பெயரில் அது வழங்குகிறது. அவர் 1954ல் ஒரு பேச்சில், அவசரமானவை முக்கியமாக இருப்பதில்லை, முக்கியமானவை அவசரமாக இருப்பதில்லை என்ற கருத்தைச் சொன்னார். அதையும் ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னது என்றே சொன்னார். கட்டம் போட்டது பின்னால் வந்தவர்கள். முறை நல்லதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் கையில் கொடுத்தால் எல்லா வேலையும் 'அவசரம் + முக்கியம்' கட்டத்துக்குள்ளேயே போய் விழுகிறது. கம்பெனியில் எதைத்தான் அவசரமில்லை என்பது?

அதனால் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். இன்றைக்குச் செய்யாவிட்டால் நாளைக்கு என்ன கெடும்? இதை நானேதான் செய்ய வேண்டுமா? பதிலைப் பொறுத்து ஓர் எழுத்து:

- இ: இன்றே ஆக வேண்டியது. சாம்பிள் கூரியர், மாத்திரை.
- எ: என் இலக்குக்கானது. சதவீதக் கணக்கு.
- கொ: வேறு ஒருவரிடம் கொடுக்கலாம். கேஸ் புக்கிங் தம்பிக்கு, லேப் டிப் வாங்க கம்பெனிப் பையன்.
- பி: பிறகு. ஸ்கூட்டி, ரவிக்கை, வாட்ஸ்அப். எல்.ஐ.சி. கடைசித் தேதி அடுத்த வாரம் என்றால் அதுவும்.

கவனியுங்கள், 'எ' வேலைக்கு முதல் கேள்வியைக் கேட்டால் எப்போதும் "ஒன்றும் கெடாது" என்றுதான் பதில் வரும். ஒரு நாள் கணக்குப் போடாவிட்டால் யாரும் போன் செய்து திட்டப்போவதில்லை. அது பின்னால் தள்ளப்படுவதற்கு இதுதான் காரணம். எனவே 'எ' வேலைக்கு அந்தக் கேள்வியே கிடையாது.

படி 4: 'எ' வேலைக்கு முதல் மதகைத் திறங்கள்

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தைப் பாருங்கள். ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2,07,000 ஏக்கர் பாய வேண்டும். பவானிசாகர் அணைத் தண்ணீரை மொத்தத்துக்கும் பிரித்துவிட்டால் கடைமடையில் மண்கூட நனையாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்து, ஒரு முறைக்கு 1,03,500 ஏக்கர் என விடுகிறார்கள். முறை வந்தவர் நடவு நடுவார், வராதவர் காத்திருப்பார். "எல்லாத்துக்கும் கொஞ்சங் கொஞ்சம்" என்று நாளைப் பிரிப்பவருக்கு அங்கே பாடம் இருக்கிறது. 'எ' வேலைக்கு முறை வந்தால் தண்ணீர் முழுவதும் அதற்கே.

எந்த நேரத்தில்? இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், ஏனென்றால் மற்றவர்களுடைய அவசரத்துக்கும் நேரம் உண்டு. ஜெர்மனியில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30. ஐரோப்பிய பையரின் மெயில் பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் குவியும், மாலைக்கு மேல் கம்பெனி சூடு பிடிக்கும். இரவு ஒன்பதரைக்கு வீடு வந்து கணக்கு நோட்டைத் திறப்பேன் என்பது நடக்காத காரியம். நம்மவருக்கு விடியற்காலை ஐந்தரை முதல் ஆறேகால் வரைதான் மதகு. தறிக்குடோனில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு இதே கணக்கு தலைகீழாக வரும், அவர் தூங்கி எழுந்த பிறகான மதிய நேரத்தைப் பிடிக்கலாம். பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றுபவர் விடியலைத் தொடவே முடியாது. பால் ஊற்றிவிட்டு வந்த பிறகுதான் அவருக்கு நேரம்.

ஒரு வாரம், எந்த மணியில் உங்களை யாரும் கூப்பிடுவதில்லை என்று குறித்து வையுங்கள். அதில் 45 நிமிடம் போதும். அந்த நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

படி 5: நேரத்தைப் போடுங்கள், பிறகு கூட்டுங்கள்

ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தை மனிதர்கள் குறைத்தே மதிப்பிடுவார்கள் என்று உளவியலாளர்கள் கானெமனும் டிவெர்ஸ்கியும் 1979ல் எழுதினார்கள். திருப்பூர்க்காரருக்கு இது புதிதல்ல. "நாளைக்குக் குடுத்தர்றனுங்க" என்று டையிங்காரர் சொன்னால் மனதுக்குள் இரண்டு நாள் சேர்த்துத்தான் ஷிப்மெண்ட் போடுகிறோம். சொந்த வேலைக்கு மட்டும் அந்தக் கூட்டலை மறந்துவிடுகிறோம். 20 கணக்குக்கு அரை மணி என்று தோன்றினால் ஒரு மணி என்று எழுதுங்கள், அல்லது 10 கணக்கோடு நிறுத்துங்கள். ஒரு நாளுக்கு ஒரு 'எ', இரண்டு மூன்று 'இ'. அதற்கு மேல் தாளில் இடம் விடாதீர்கள்.

படி 6: குறுக்கே வருபவருக்குப் பதிலை முன்பே தயார் செய்யுங்கள்

இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. நம் ஊரில் இதற்குத் தேவை அதிகம். முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல நமக்கு வராது, வரவும் வேண்டாம். மரியாதையாகத் தள்ளிப்போட வார்த்தைகள் போதும்.

மாமா ஆறு மணிக்குக் கூப்பிட்டால்: "மாமா, வெளிய கெளம்பற நேரமுங்க, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நானே கூப்பிடறனுங்க." சொன்னபடி கூப்பிட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த தடவை இந்த வார்த்தை செல்லாது. மேனேஜர் புதிதாக ஒன்றைத் தலையில் வைத்தால்: "செஞ்சர்றனுங்க சார், இப்ப பாக்கறது ரெண்டுல எதை நிறுத்தட்டுங்க?" முடிவு அவர் கைக்குப் போய்விடும்.

படி 7: இரவு ஐந்து நிமிடம்

முடிந்ததை அடியுங்கள். முடியாததை அடுத்த தாளுக்கு எழுதுங்கள். ஒரே வேலை மூன்றாவது தாளுக்கும் வந்தால் அப்படியே எழுதக் கூடாது. துண்டாக உடைக்க வேண்டும், யாரிடமாவது கொடுக்க வேண்டும், இல்லையேல் விட்டுவிட வேண்டும். ஸ்கூட்டி சர்வீஸ் மூன்று தாள் தாண்டிவிட்டதா? "சனிக்கிழமை காலை போகும் வழியில் வண்டியை விடுவது" என்று மாற்றி எழுதுங்கள்.

ஷிப்மெண்ட் வாரத்துக்கு ஒரு தனி விதி: 'எ' வேலை 5 கணக்காகச் சுருங்கலாம், ஆனால் தாளில் இருந்து போகக் கூடாது. கல்யாணம், காதுகுத்து, பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா போன்ற நாட்களுக்கு நேர்மாறான விதி. அன்றைக்கு 'எ' எழுதவே வேண்டாம். பந்தியில் உட்கார்ந்து கூட்டுவட்டி நினைத்தால் இரண்டும் கெடும். மாதம் பிறந்ததும் முகூர்த்தங்களைக் காலண்டரில் வட்டமிட்டு, மிச்சமிருக்கும் நாட்களுக்கு மட்டும் கணக்கைப் பிரித்துப் போடுங்கள். ஆவணியிலும் தையிலும் அது பாதி மாதமாகக்கூட இருக்கும்.