9,000 ஆர்பிஎம் வரை போகலாம்: ஹோண்டா எஸ்2000 இன்ஜினை உண்மையில் கெடுக்கும் தவறுகள்

ஹோண்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான எஸ்2000 வாங்குகிற பலர் 6,000 ஆர்பிஎம்மை, அதாவது நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளை, தாண்டவே பயப்படுகிறார்கள். அதற்கு மேல் போனால் இன்ஜின் தாங்காது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இந்த வண்டியில் நான் முதலில் திருத்த நினைப்பது இந்தப் பயத்தைத்தான்.

1999இல் வந்த எஃப்20சி இன்ஜின் வெறும் 1,997 சிசி, டர்போ கிடையாது. ஜப்பானிய மாடலில் 250 குதிரைத்திறன், அதுவும் 8,300 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கும். டர்போ இல்லாத இன்ஜின் ஒரு சுற்றுக்கு உறிஞ்சும் காற்றுக்கு ஓர் அளவு உண்டு. கூடுதல் சக்தி வேண்டுமென்றால் கூடுதலாகச் சுற்றித்தான் ஆகவேண்டும். வால்வுகளைத் திறந்து மூடும் உருளையில் உள்ள மேடுதான் கேம். சுமார் 6,000இல் ஹோண்டாவின் விடெக் ஏற்பாடு, வால்வை அதிகமாகத் திறக்கும் பெரிய கேமுக்கு மாறும்போதுதான் இன்ஜினுக்கு உயிர் வருகிறது. இரண்டாம் கியரில் 8,000இலேயே மாற்றிவிட்டால் மூன்றாம் கியரில் ஆர்பிஎம் 5,800க்கு விழும், பெரிய கேம் விட்டுப்போகும். 8,800இல் மாற்றினால் 6,400இல் நிற்கும், இழுவை அறுபடாது. கியர் விகிதங்களே அப்படித்தான் அமைந்திருக்கின்றன. சூடான இன்ஜின், சரியான ஆயில் அளவு, இரண்டும் இருந்தால் ரெட்லைனை (மீட்டரில் சிவப்பு தொடங்கும் உச்ச ஆர்பிஎம்மை) தொடுவதில் தவறே இல்லை.

சூடான இன்ஜின் என்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மீட்டரில் தெரிவது தண்ணீரின் சூடு. ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும், எஸ்2000இல் அதைக் காட்ட மீட்டரும் கிடையாது. ஆயில் கெட்டியாக இருக்கும்போது இன்ஜினின் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு அதன் ஓட்டம் குறைவு, பிஸ்டனும் இன்னும் தன் அளவுக்கு விரிந்திருக்காது. தண்ணீர்ச் சூட்டைக் காட்டும் கோடுகள் நடுவுக்கு வந்த பிறகும் ஒரு பத்து நிமிடம் 4,000க்குள் நிதானமாக ஓட்டுங்கள். நிறுத்தி வைத்து ஐடிலில் சூடேற்றுவது வேண்டாம், ஓட்டிச் சூடேற்றுவதே வேகமானது. பிஎம்டபிள்யூ இ46 எம்3யில் இதற்கென்றே டாக்கோமீட்டரை (ஆர்பிஎம் காட்டும் மீட்டரை) சுற்றி விளக்குகள் வைத்தார்கள். ஆயில் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணைந்து ரெட்லைன் மேலே நகரும். எல்லா ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்திருக்க வேண்டிய ஏற்பாடு அது.

அடுத்தது டிப்ஸ்டிக், ஆயில் அளவு பார்க்கும் கம்பி. உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும், பழைய மாடல்களில் இன்னும் அதிகம். அளவு குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்பில் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். அந்த நேரத்தில் இன்ஜின் 8,000இல் சுற்றினால் பேரிங் கெட சில நொடிகள் போதும். சிவப்பு விளக்கு எரிவது ஆயில் அழுத்தம் போய்விட்டது என்பதற்கு, ஆயில் குறைகிறது என்பதற்கு அல்ல. பெட்ரோல் போடும்போதெல்லாம் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

நிறுத்திய வண்டியில் நியூட்ரலில் ரேஸ் கொடுத்து, ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டரில் தட்டவிடுவது வீண் தேய்மானம். ஆறாம் கியரில் 1,500இல் முழு ஆக்சிலரேட்டர் மிதித்து வண்டியை முக்க வைப்பதும் நல்லதல்ல. ஆர்பிஎம் குறைவாக இருப்பதாலேயே இன்ஜினுக்குச் சுகம் என்று எண்ண வேண்டாம்.

லிமிட்டரை ஏற்றுவது வேறு வகைத் தவறு. அமெரிக்காவில் 2004 மாடலிலிருந்து வந்தது 2,157 சிசி இன்ஜின், ரெட்லைன் 8,000. 'பழையது 9,000 போகிறதே' என்று இதையும் டியூன் செய்து 9,000க்கு ஏற்றுகிறார்கள். பழையதில் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 84 மில்லிமீட்டர், 9,000இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். புதியதில் ஸ்ட்ரோக் 90.7, அதே 9,000இல் 27.2 மீட்டர். ஹோண்டா ரெட்லைனைக் காரணத்தோடுதான் இறக்கியது.

ஆனால் இன்ஜினைக் கொன்றே போடும் தவறு ஒன்று உண்டு: தவறான கியரில் விழுவது. லிமிட்டர் காப்பாற்றும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனியுங்கள். லிமிட்டர் செய்வது எரிபொருளை நிறுத்துவது மட்டும்தான். சக்கரங்கள் கிளட்ச் வழியாக இன்ஜினைச் சுற்றினால் அதைத் தடுக்க எதுவுமே இல்லை. மூன்றாம் கியரில் 8,500இல் இருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் விழுந்தால், கிளட்ச்சை விட்டதும் இன்ஜின் 11,700ஐ நோக்கிப் போகும். பிஸ்டனையும் வால்வையும் இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தில் ஏறுவதால், 9,000இல் இருப்பதைவிட அது ஏறக்குறைய 70 சதவீதம் அதிகம். வால்வு ஸ்பிரிங்கால் அந்த வேகத்தில் வால்வைக் கேமோடு ஒட்டவைக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது வால்வு இன்னும் திறந்தே இருக்கும், இரண்டும் மோதும்.

இதற்குப் பெரும்பாலும் அவசரம்தான் காரணம். கியர் கம்பியை இறுக்கிப் பிடித்துப் பக்கவாட்டில் இழுக்காதீர்கள். மூன்றிலிருந்து நான்குக்கு விரல்களால் நேராகப் பின்னே இழுத்தாலே போதும், நடுவில் நிறுத்தும் வேலையைக் கியர்பாக்ஸின் ஸ்பிரிங்குகள் பார்த்துக்கொள்ளும். கியரைக் குறைக்கும்போது முதலில் பிரேக், அப்புறம் கியர். தவறு நடந்ததை உணர்ந்தால் கிளட்ச்சை உடனே மறுபடி மிதியுங்கள்.

தப்பித்துவிட்டது, நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடாதீர்கள். 2,000 சிசி மாடலில் வால்வு ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் ரிடெய்னர்கள் இப்படிப்பட்ட அடியில் விரிசல் விடும். பல மாதம் கழித்து ஒரு நாள் வால்வு சிலிண்டருக்குள் விழும். போர்ஷே 911இல் அதிக ஆர்பிஎம் போன கணக்கைக் கம்ப்யூட்டரே பதிந்து வைக்கும், வாங்குகிறவர் அதைக் கேட்டுப் பார்க்கலாம். எஸ்2000இல் அந்த வசதி இல்லாததால் வால்வு கவரைக் கழற்றி ரிடெய்னர்களைப் பார்க்க வேண்டும், வால்வு இடைவெளியையும் கம்ப்ரெஷனையும் அளக்க வேண்டும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதை விலை பேசுவதற்கு முன்பே செய்யச் சொல்லுங்கள். விரிசல் இருந்தால் பிந்தைய 2,157 சிசி மாடலின் ரிடெய்னர்களையும், அவற்றை வால்வில் பூட்டும் கீப்பர்களையும் சேர்த்துப் போட்டுவிடலாம்.