மை ஊறாத பனியன் காகிதம்

பருவத்தை ஒட்டி, குப்பை குறைத்து வாழ்வது பற்றிய எங்கள் கையெழுத்து இதழுக்குத் திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்டில் செய்த காகிதம்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். மரம் வெட்டாத காகிதம், தொட்டால் துணி மாதிரி. ஆனால் மை பட்டதும் எழுத்து நாலாபக்கமும் ஊறியது. பருத்தி நார் ஈரத்தை இழுக்கும். கடைக் காகிதத்தில் அதைத் தடுக்கப் பசை சேர்ப்பார்கள்; இதில் அது இல்லை.

வழி சொன்னவர் சென்னிமலையில் தறி ஓட்டிய ஒரு பாட்டி. "பாவுக்குக் கஞ்சி போடறமில்ல கண்ணு, இதுக்கும் போட்டுப் பாரு." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்.

1 லிட்டர் தண்ணீரில் 20 கிராம் மரவள்ளி மாவைக் கரைத்து, கண்ணாடி போல் தெளியும் வரை காய்ச்சி வடிகட்டினேன். ஆறியதும் அகலப் பிரஷ்ஷால் இருபுறமும் மெல்லிசாகப் பூசி நிழலில் கொடி கட்டிக் காயவிட்டேன். லேசான ஈரம் இருக்கும்போதே பலகைக்கடியில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றினால் காகிதம் சுருளாது. கஞ்சி கெட்டியானால் மடிப்பில் வெடிக்கும். நீர்க்கவே இருக்கட்டும்.

இப்போது எழுத்து கூர்மையாக நிற்கிறது! கஞ்சிக்குப் பூச்சி வரும் என்பதால் அடுக்குகளுக்கிடையே காய்ந்த வேப்பிலை வைக்கிறேன்.

ஈரோட்டு மஞ்சளை அட்டைக்குப் பூசுவதில்லை, வெயிலில் வெளுத்துவிடும். உள்பக்கத் தலைப்புகளுக்கு மட்டும் மஞ்சள். அதில் சுண்ணாம்பு நீர் தொட்டால் நல்ல சிவப்பு. மாத வரிசையை விட்டு ஆடிப்பட்டம், தைப்பட்டம் என்று விதைப்புப் பருவப்படியே இதழைப் பகுதி பிரித்தேன். ஒரு தாளை மடித்தால் நான்கு பக்கம் என்பதால் எட்டுத் தாளில் மொத்தம் 32 பக்கம், தறியில் மிஞ்சிய நூலால் தையல்.