ஈபி புண்களில் கிருமி: வீட்டில் நடக்கும் தவறுகள்

புண்ணில் என்ன கிருமி என்று சொல்லும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்’ (சுருக்கமாக ஸ்டெஃப்) என்று பார்த்ததும் வீடே பதறிவிடும். எபிடெர்மோலைசிஸ் புல்லோசா, சுருக்கமாக ஈபி, உள்ள பிள்ளையின் நாள்பட்ட புண்ணில் அந்தக் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். இந்தத் தோல் நோயில், மேல்தோலை அடித்தோலோடு பிடித்துவைக்கும் புரதங்களில் பிறவியிலேயே குறை. லேசாக உரசினாலே கொப்புளம், அது உடைந்தால் புண். நல்ல தோலில் பலவகைக் கிருமிகள் கலந்து வாழ்கின்றன. ஆறாத புண்ணில் அந்தக் கலவை குறைந்து, ஸ்டெஃபின் கை ஓங்கிவிடுகிறது.

ஆகவே ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது. புண்ணில் கிருமி இருப்பது வேறு, தொற்று பிடித்திருப்பது வேறு. வலி கூடியிருக்கிறதா, நாற்றமோ நீர் ஒழுகுவதோ திடீரென அதிகமாகியிருக்கிறதா, சுற்றியுள்ள தோல் சூடாக இருக்கிறதா, காய்ச்சல் அடிக்கிறதா என்று பாருங்கள். நம் நிறத்துத் தோலில் சிவப்பு சட்டென்று தெரியாது. புறங்கையை மெதுவாக வைத்துச் சூட்டைப் பார்ப்பது நல்லது. இப்படி எதுவுமே இல்லாதபோது ஸ்வாப் எடுப்பது, அதாவது கல்ச்சருக்காகப் புண்ணைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து அனுப்புவது, பெரும்பாலும் வீண் வேலை.

இதற்கு நேர்மாறான தவறு, “இவனுக்கு எப்பவும் இப்படித்தானே” என்று இருந்துவிடுவது. 2015இல் ஜெர்மனியின் போஹும் நகர மருத்துவமனைக்கு ஈபி உள்ள 7 வயதுச் சிறுவன் ஒருவன் வந்தான். ஸ்டெஃபும் சூடோமோனாஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவும் தொற்றி நிலைமை மோசமாகி, உடலில் சுமார் 60 சதவீத மேல்தோல் போயிருந்தது. இத்தாலியின் மோதெனாவில் மிக்கேல் டி லூக்கா குழுவினர் அவனுடைய செல்களிலேயே பழுதான மரபணுவுக்குச் சரியான பிரதியைச் சேர்த்து, தோல் வளர்த்து அனுப்பினார்கள். உடலின் 80 சதவீதத்துக்கு அது ஒட்டப்பட்டது. மரபணு சிகிச்சையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவனை அந்த நிலைக்குத் தள்ளியதில் தொற்றுக்கு இருந்த பங்கு யார் நினைவிலும் நிற்பதில்லை.

அப்புறம் அந்த மியூபிரோசின் என்ற ஆன்டிபயாட்டிக் களிம்பு ட்யூப். போன தடவை கேட்டதே என்று மாதக்கணக்கில் தடவிக்கொண்டே இருந்தால், அதற்கு அடங்காத ஸ்டெஃப்தான் மிஞ்சும். டாக்டர் சொன்ன நாட்களோடு நிறுத்திவிட வேண்டும். வெள்ளி கலந்த கட்டுகளும் அப்படியே. கைக்குழந்தையின் பரந்த புண்களில் நீண்ட நாள் போட்டால் வெள்ளி உடலுக்குள் சேரும்.

டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, மஞ்சள் எதுவும் வேண்டாம். எரிச்சலும் உறுத்தலும் போக, புதிதாக வளரும் திசுவையும் சில கெடுத்துவிடும். அதற்காகக் குளிப்பாட்டாமல் விடுவதும் சரியல்ல. திறந்த புண்ணில் பச்சைத் தண்ணீர் பட்டால் எரியும். லிட்டருக்கு 9 கிராம், அதாவது 10 லிட்டர் வாளிக்கு 90 கிராம் உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர் அவ்வளவாக எரியாது. கிருமியைக் குறைக்க மிக நீர்த்த பிளீச் குளியலைச் சில டாக்டர்கள் சொல்வதுண்டு. பாட்டிலுக்குப் பாட்டில் பிளீச்சின் வீரியம் மாறும் என்பதால், அளவை அவர்களிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

“கொப்புளத்தை உடைக்காதே” என்பது தீக்காயத்துக்குச் சொல்லும் அறிவுரை. ஈபியில் அதைக் கேட்டால், உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தில் கொப்புளம் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போகும். சுத்தமான புது ஊசியால் அடிப்பக்கமாகக் குத்தி, காஸ் துணியை மெல்ல அழுத்தி நீரை வடித்துவிட வேண்டும். மேலே இருக்கும் தோலை மட்டும் உரித்துவிடாதீர்கள். அதைவிட நல்ல கட்டு கடையில் கிடைக்காது. சாதாரண பிளாஸ்திரி ஒட்டவே கூடாது, எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். சிலிக்கோன் பூசிய கட்டுதான் சரி. அதுவும் ஒட்டிக்கொண்டால், இழுக்காமல் உப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து எடுக்கலாம்.

கடைசித் தவறு, ஆறாத புண் எல்லாவற்றுக்கும் கிருமியையே காரணமாக நினைப்பது. ரத்தசோகையும் சத்துக்குறைவும் புண்ணை ஆறவிடாது. தழும்பு விழும் கடுமையான ஈபி வகையில், பதின்ம வயதிலிருந்தே தோல் புற்றுநோய் வரும் ஆபத்து உண்டு. வாரக்கணக்கில் ஆறாமல், ஓரம் தடித்து மேடேறும் புண்ணுக்குக் களிம்பை மாற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. டாக்டர் பயாப்ஸி (சிறு துண்டு தோலை வெட்டிப் பரிசோதிப்பது) கேட்டால், அது இன்னொரு புண்ணாகிவிடுமே என்று தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.